தூண்டில் இல்லாமல் காவிரிக்கரையில் ஐந்து நாள்

முதல் நாள் – பீமேஸ்வரி, இரவு 9 மணி

காலை ஆறரைக்கு பெங்களூரிலிருந்து கிளம்பினோம். நானும் சித்தப்பாவும். கனகபுராவில் இட்லி, அப்புறம் சாத்தனூர், ஹலகூர் வழியாகக் காட்டுச் சாலை. முத்தத்தியை நெருங்கும்போதே மரங்களுக்கு நடுவே ஆறு மின்ன ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு முகத்தை வெளியே நீட்டிக்கொண்டார். அவர் கடைசியாக இங்கே வந்தது 1996ல். அப்போது அவர் கையில் தூண்டில் இருந்தது.

சிவசமுத்திர அருவிக்குக் கீழே தொடங்கி மேட்டூர் நீர்த்தேக்கம் வரை காவிரி மலைக்காட்டுக்குள்ளேதான் ஓடுகிறது. ஒரு காலத்தில் உலகம் முழுவதிலிருந்தும் தூண்டில்காரர்கள் தேடி வந்த ஆறு இது. தேடி வந்தது மகசீர் மீனை. அதிலும் முதுகில் திமில் போல மேடு உள்ள, துடுப்பு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் திமில் மகசீரை. 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் என்பவர் கபினியில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. கபினியும் காவிரியின் கிளைதான். இன்றும் தூண்டில்காரர்கள் பேச்சைத் தொடங்குவது அந்த மீனில்தான்.

பீமேஸ்வரி முகாம் மீன்பிடி முகாமாகத் தொடங்கிய இடம். இப்போது இங்கே படகு உண்டு, கயிற்றில் தொங்கிப் போகும் விளையாட்டு உண்டு. தூண்டில் மட்டும் இல்லை. இந்தக் காடு 1987ல் காவிரி வனவிலங்குச் சரணாலயமானது. அதன் பிறகும் பல வருடம், பிடித்த மீனை உயிரோடு ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தூண்டில் போட அனுமதித்தார்கள். 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இடம் தரவில்லை என்ற நிலைப்பாடு வந்து, 2012ல் அதுவும் நின்றது.

மதியச் சாப்பாட்டின்போது, அந்த நாளில் தூண்டில்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பாதி கன்னடம், பாதி தமிழ். சித்தப்பா தான் வந்திருந்த வருடத்தைச் சொன்னதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"என்ன இரை வச்சீங்க சார், ஞாபகம் இருக்கா?"

"ராகிதான்."

உடனே தன் தட்டில் இருந்த ராகி முத்தெயில், அதாவது களி உருண்டையில், ஒரு துண்டைக் கிள்ளி எடுத்தார். இடது உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திப் பிசைந்தார். ஓரம் விரிசல் விடுகிறதா என்று பார்த்தார். விரிசல் விட்டால் ஓட்டத்தில் கரைந்துவிடுமாம். எலுமிச்சை அளவு உருட்டி, ஒரு ஈர்க்குச்சியைக் கொக்கி போல வளைத்து அதற்குள் புதைத்தார். முனை மட்டும் நகக்கண் அளவு வெளியே தெரிந்தது. "இது தெரியணும். இல்லேன்னா மீன் வாய்க்குள்ள போய்ட்டு மாவ மட்டும் துப்பிடும்." கொக்கி முனையின் முள்ளை முன்கூட்டியே குறட்டால் நசுக்கிவிடுவார்களாம். அப்போதுதான் மீனின் உதடு கிழியாமல் கொக்கி கழன்று வரும். பிடித்த மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்காமல், இரண்டு கையாலும் ஓட்டத்தை எதிர்த்துப் பிடித்துக்கொண்டு, அது தானாக வாலை உதறிப் போகும் வரை காத்திருப்பார்களாம். "சில மீனுக்குப் பத்து நிமிஷம் ஆகும். நம்ம கால் மரத்துப்போயிடும்."

பிறகு, யாரும் கேட்காமலே சொன்னார். "வழிகாட்டி ஆகறதுக்கு முன்னாடி நானும் தோட்டா போட்டவன்தான் சார்." தோட்டா என்றால் பாறை உடைக்கும் வெடி. மடுவில் ஒன்று போட்டால் மீன் கூட்டத்தோடு செத்துவிடும். வயிறு வெடித்து மேலே மிதப்பது கொஞ்சம்தான். மீதி அடியில் போய்ப் பாறையில் சொருகிக்கொள்ளும். குஞ்சு, முட்டை எல்லாம் போய்விடும். முகாமில் சம்பளம் கிடைத்ததும் அதை விட்டாராம். இரவில் மடுக்களைக் காவல் காத்ததும் அவரைப் போன்றவர்கள்தான்.

இப்போது சித்தப்பா தூங்கிவிட்டார். வெளியே ஆறு சத்தம் போட்டுக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் நாள் – சங்கமம், மேகதாது

காலிபோர் வரை காலையில் பரிசலில் கொஞ்ச தூரம் போனோம். நீர்மருத மரங்கள் தண்ணீருக்குள்ளேயே கால் ஊன்றி நிற்கின்றன. ஒரு நீர்நாய்க் குடும்பம் பாறையில் ஏறி எங்களைப் பார்த்துவிட்டு இறங்கியது.

இந்தக் காலிபோர் பகுதியில் தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பதிவேடுகளை ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துப் படித்தார்கள். 1998லிருந்து 2012 வரை யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், எத்தனை எடை என்று அதில் இருக்கிறது. 2015ல் வந்த அந்தக் கட்டுரை சொன்ன செய்தி பயங்கரமானது. மொத்த மகசீர் எண்ணிக்கை ஏறியிருந்தது, ஆனால் ஏறியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். ஆரஞ்சுத் துடுப்புள்ள திமில் மகசீர் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. வலையில் வந்தவை வயதான பெரிய மீன்கள்தான், இளசுகள் வரவே இல்லை.

வலை என்று எழுதிவிட்டேன், தூண்டில் என்று படிக்கவும்.

நீலத்துடுப்பு மகசீர் காவிரியின் மீன் இல்லை. அது கிருஷ்ணா ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. 1970களில் லோனாவாலாவில் மகசீர் குஞ்சு பொரிக்கும் பண்ணை தொடங்கியது. அங்கிருந்து பல ஆறுகளுக்குக் குஞ்சுகள் போயின, காவிரிக்கும் வந்தன. மகசீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்ல எண்ணத்தில்தான் விட்டார்கள். அப்போது இரண்டும் வேறு வேறு இனம் என்ற தெளிவே இல்லை. திமில் மகசீருக்குச் சரியான அறிவியல் பெயர் கிடைத்ததே 2018ல்தான். கேரளத்தில் சின்னாறு வழியாக ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றில் பிடித்த மீன்களை வைத்து ஏற்கெனவே தோர் ரெமாதேவி என்று ஒரு இனத்தை விவரித்திருந்தார்கள். காவிரியின் திமில் மகசீரும் அதுவும் ஒன்றே என்று 2018ல் உறுதியானது. அதே ஆண்டு அது மிக அபாய நிலையில் உள்ள இனம் என்று பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் ஏறியது.

எனக்கு இதில் மனம் ஆறவில்லை. பெயர் வைக்கும் முன்பே ஒரு மீன் போகிற நிலைக்கு வந்துவிட்டது. அது போய்க்கொண்டிருப்பது தெரிந்ததும் தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகத்தால்தான். 2012க்குப் பிறகு அந்த நோட்டுகளில் எழுத ஆள் இல்லை.

மதியம் சங்கமம். அர்க்காவதி காவிரியில் சேரும் இடம். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் விருஷபாவதி, கனகபுரா பக்கம் அர்க்காவதியில் கலந்துவிடுகிறது. இரண்டு தண்ணீரும் சேரும் கோட்டை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். அர்க்காவதியைப் பரிசலில் கடந்து, குலுங்கும் பஸ்ஸில் ஏறி மேகதாது போனோம். ஆறு ஒரு பாறைச் சந்துக்குள் நுழைந்து இறுகிப் பாய்கிறது. ஆடு தாண்டும் அகலம் என்றுதான் பெயர். இங்கேதான் கர்நாடகம் 67 டி.எம்.சி. அணை கட்டத் திட்டம் வைத்திருக்கிறது. சுமார் 5,000 ஹெக்டேர் முழுகும், அதில் பெரும்பகுதி காடு. நமக்குத் தண்ணீர் வருமா என்ற கேள்வியில்தான் நம் பத்திரிகைகள் அந்த அணையைப் பற்றி எழுதுகின்றன. காலையில் பரிசலில் போன மடுக்கள் எல்லாம் ஏரிக்கு அடியில் போய்விடும் என்பதை நான் அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன். மகசீர் மாதிரி ஓடும் தண்ணீரில் வாழும் மீன் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது.

மூன்றாம் நாள் – பிலிகுண்டுலு

இன்று முழுக்கப் பயணம். கனகபுரா திரும்பி, ஆனேக்கல், தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம். ஆற்றோடு இறங்கினால் கொஞ்ச தூரம்தான். காட்டைச் சுற்றி வருவதற்குள் முதுகு விட்டுப்போனது.

"பிலிகுண்டுலுவில் நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி" என்று தினமும் செய்தியில் கேட்கிறோமே, அந்த ஊர். மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கும் இடம். தை மாதம் என்பதால் ஆறு இளைத்து, பாறைகள் நிறையத் தெரிந்தன. எதிர்க்கரை கர்நாடகம். இந்தப் பக்கம் கிருஷ்ணகிரி மாவட்டம். கிட்டத்தட்ட 64 கிலோமீட்டருக்கு இரண்டு மாநிலத்துக்கும் எல்லையே இந்த ஆறுதான்.

தண்ணீருக்காக நாம் எத்தனை செய்திருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். 1990ல் நடுவர் மன்றம், 2007ல் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதே ஆண்டு மேலாண்மை ஆணையம். இங்கே பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது வருடத்துக்கு 177.25 டி.எம்.சி. ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 என்று மாதவாரியாகக் கணக்கு. தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை அளக்கிறோம். நடுவர் மன்றம் பகிர்ந்த 740 டி.எம்.சி.யில் சுற்றுச்சூழலுக்கென்று 10 டி.எம்.சி. ஒதுக்கியும் வைத்தது.

மீனுக்கு? அரசியல் சாசனத்தில் மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறு மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வனவிலங்கு பொதுப் பட்டியலில். மீன்வளம் மாநிலப் பட்டியலில், 21ஆவது வரிசை. ஆகவே இந்த ஆற்றில் நீந்தும் ஒரு மீன் நடு ஆற்றைத் தாண்டினால் அதற்கு மீன்பிடிச் சட்டமே வேறு. கர்நாடகத்தில் 1996ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டம். இந்தப் பக்கம் நம் மீன்வளத் துறையின் விதிகள். இரண்டு கரையிலும் காடு சரணாலயம்தான். நம் பக்கம் காவிரி வடக்கு 2014லும், காவிரி தெற்கு 2022லும் அறிவிக்கப்பட்டன. வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆவது பிரிவு சரணாலயத்தில் இருந்து எந்த வனஉயிரையும் எடுப்பதற்குத் தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்கிறது. தோட்டாவும் விஷமும் 1897ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். அந்தச் சட்டம் எழுதிய தண்டனை இரண்டு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம். 1897ல் 200 ரூபாய் ஒரு குடும்பத்தை உலுக்கியிருக்கும்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரிடம் இங்கே மீன் பிடிக்கிறார்களா என்று கேட்டேன்.

"பிடிப்பாங்க. ஃபாரஸ்ட் கார்டு வந்தா ஓடிப்போவாங்க. எந்தப் பக்கத்துக் கார்டு வர்றாங்களோ, அதுக்கு எதிர்ப் பக்கமா ஓடுவாங்க."

சித்தப்பா இதைக் கேட்டதிலிருந்து அஞ்செட்டி வந்து சேரும் வரை ஒன்றும் பேசவில்லை.

நான்காம் நாள் – ஒகேனக்கல்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். எண்ணெய்த் தேய்ப்பு, பரிசல், மீன் வறுவல். அருவியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மீன் கடைக்குப் போனேன்.

கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி, ஆரல். இதெல்லாம் இந்த ஆற்று மீனா என்று கேட்டதற்குக் கடைக்கார அம்மா மறைக்காமல் பதில் சொன்னார். "கெளுத்தியும் ஆரலும் ஆத்து மீனு. கட்லா டேம்ல இருந்து வருது கண்ணு." கட்லாவும் ரோகுவும் கங்கைப் பக்கத்து மீன்கள், மேட்டூரில் குஞ்சு விட்டு வளர்ப்பவை. ஜிலேபி ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அவருக்கு அதில் ஒரு பிழைப்பு இருக்கிறது, ஒரு குடும்பம் நடக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்த மேசையில் காவிரியின் சொந்த மீன் ஒரு ஓரத்தில்தான் கிடந்தது.

பரிசல்காரர் ஒருவர் எங்களைப் பாறைச் சந்துகளுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஐம்பது வயதிருக்கும். மகசீர் என்றதும் புரியவில்லை. திமில், ஆரஞ்சுத் துடுப்பு, உள்ளங்கை அகலச் செதில் என்று சித்தப்பா விவரித்ததும் துடுப்பு வலிப்பதை நிறுத்திவிட்டார்.

"யானைக்கெண்டையச் சொல்றீங்களா ஐயா? எங்கப்பா பிடிச்சுப் பாத்திருக்கேன். வாலு பரிசலுக்கு வெளிய தொங்கும். நான் பிடிச்சதில்ல."

"கடைசியா எப்ப பார்த்தீங்க?"

யோசித்தார். பரிசல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "என் கல்யாணத்துக்கு முன்னாடி."

அடுத்து அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து தூண்டில் போட்ட காலத்தில் அக்கரை ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைத்தது. இங்கே யாருக்கும் அப்படி ஒரு வேலை வரவில்லை. அங்கே காவல் பலமாக இருந்தபோது தோட்டாக்காரர்கள் கீழே இறங்கி வந்தார்கள். இங்கே கெடுபிடி செய்தால் மேலே ஏறிப் போனார்கள். "ஒரே நாள்ல ரெண்டு பக்கமும் பூட்டினாத்தான் பூட்டு."

இந்தப் பயணத்தில் நான் தேடி வந்த பதில் அவரிடம்தான் கிடைத்தது. தூண்டிலைத் திறக்க வேண்டுமா, மூட வேண்டுமா என்று பெங்களூரில் நண்பர்கள் பல வருடமாகச் சண்டை போடுகிறார்கள். திறந்தால் காவலுக்குப் பணம் வரும் என்கிறார் ஒருவர். சரணாலயத்தில் ஒரு மீனுக்கும் கொக்கி குத்தக்கூடாது என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் கருத்து வேறு. சிவசமுத்திரத்தில் இருந்து மேட்டூர் வரைக்கும் ஒரே விதி வேண்டும். முட்டையிடும் மழைக்காலத்தில் இரண்டு கரையிலும் ஒரே தேதியில் மீன்பிடிப்பு நிற்க வேண்டும். வலைக்கண் அளவு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். வெளி இன மகசீர்க் குஞ்சை எந்த மாநிலமும் இங்கே விடக்கூடாது. பிடிபட்ட மகசீரைப் பற்றிய பதிவேடு ஒன்றே ஒன்று இருந்து இரு துறையும் அதில் எழுத வேண்டும். இதெல்லாம் ஆன பிறகு, சரணாலயத்துக்கு வெளியே, பிடித்து விடும் தூண்டிலுக்கு இடம் உண்டா என்று உட்கார்ந்து பேசலாம். தண்ணீருக்கு ஒரே மேசையில் உட்கார்கிற அதிகாரிகள் மீனுக்கும் உட்காரலாம்.

திமில் மகசீர் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. மோயாற்றில் கொஞ்சம் மிச்சம் இருப்பதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். மோயாறும் சில இடங்களில் தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் எல்லை. பாம்பாறு கேரளத்தில் ஓடி இங்கே வருகிறது. இந்த மீன் மிஞ்சியிருக்கும் ஆறுகளும் மாநில எல்லையைத் தொட்டோ தாண்டியோதான் ஓடுகின்றன.

ஐந்தாம் நாள் – மேட்டூர், அடிப்பாலாறு

பென்னாகரம் வழியாக மேட்டூர். அணை 1934ல் முடிந்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. இது பாசனத்துக்கு என்ன செய்தது என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மீனுக்குச் செய்தது வேறு. கடலில் இருந்து கொள்ளிடம் வழியாக முட்டையிட ஏறி வந்துகொண்டிருந்த உல்லம் மீனின் வரத்து இந்த அணைக்குப் பிறகு நொடிந்துபோனது. ஆற்று மீன் வளத்தைப் பற்றிய பழைய கட்டுரைகளில் படித்த விஷயம் இது. சித்தப்பாவின் அம்மா உல்லம் மீன் குழம்பைப் பற்றிப் பேசுவாராம், சமைத்து இவர் பார்த்ததில்லை.

மதியம் கொளத்தூர், கோவிந்தப்பாடி தாண்டி அடிப்பாலாறு. பாலாறு என்ற சின்ன ஆறு காவிரியில் சேரும் இடம், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலை. பாலத்துக்கு அந்தப் பக்கம் கர்நாடகச் சோதனைச்சாவடி. நீர்த்தேக்கத்தின் வால் பகுதி என்பதால் தண்ணீர் ஏறினால் எல்லையும் மங்கிவிடும். நம் மீனவர்கள் மீன்வளத் துறை உரிமத்தோடு நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் இந்தப் பாலாற்றில்தான் கோவிந்தப்பாடியைச் சேர்ந்த ஒருவரின் உடல் கிடைத்தது. மான் வேட்டைக்கு வந்தவர்கள் என்று கர்நாடக வனத்துறை சொன்னது. மீன் பிடிக்கப் போனவர் என்று ஊர் சொன்னது. எல்லை எங்கே இருக்கிறது, எங்கே வரை வலை போடலாம் என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி. இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரு மிதவைக் கோடு கூடப் போட்டு வைக்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

கரையில் ஒரு இளைஞர் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிறைய ஜிலேபி. நடுவில் முழங்கை நீளத்தில் ஒன்று தனியாக மின்னியது. பெரிய செதில், தடித்த உதடு. சித்தப்பா என்னை முந்திக்கொண்டு குனிந்தார்.

"தம்பி, இதைக் கொஞ்சம் தண்ணிலயே வச்சுப் பார்க்கலாமா?"

அவர் மறுக்கவில்லை. வலைக்கண்ணை விரலால் விலக்கி, செவுளில் சிக்கிய நூலை எடுத்து, மீனைக் கரையோரத் தண்ணீரில் பிடித்துக்கொண்டார். சித்தப்பா முதல்நாள் அந்த வழிகாட்டிப் பெரியவர் காட்டியதுபோல ஒரு கையை வயிற்றுக்கடியில் கொடுத்தார். துடுப்பு விரிந்தது. நீலம். முதுகு சீராக இருந்தது, திமில் இல்லை.

"இது நம்ம ஆத்து மீன் இல்லப்பா. வேற ஆத்துல இருந்து கொண்டாந்து விட்டது."

"அப்படியா ஐயா? நாங்க பொறந்ததுல இருந்து இதத்தான் பாக்கறோம்." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "நம்ம மீனு எப்படி இருக்கும்?"

சித்தப்பா ஈரக் கையால் கரை மணலில் கோடு போட ஆரம்பித்தார். முதலில் தலை, அப்புறம் திமில். அந்தப் பையன் வலையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.